கண்ணாடி போட்டவருக்கு எந்த பைனாகுலர்? 8×42ஆ, 10×42ஆ, 10×50ஆ? (பட்ஜெட் 15,000)

நொய்யல்கரை:

வணக்கம். கோவையில் இருக்கிறேன், வயது 54. கொஞ்ச காலமாக நண்பர்களோடு சேர்ந்து காலையில் சிங்காநல்லூர் குளம், உக்கடம் பெரியகுளம் பக்கம் பறவை பார்க்கப் போகிறேன். விடுமுறை கிடைத்தால் வால்பாறை. இதுவரை நண்பரின் பைனாகுலரைக் கைமாற்றி வாங்கித்தான் பார்ப்பது. அவரிடமிருந்து வாங்கிக் கண்ணில் வைப்பதற்குள் பறவை நாணலுக்குள் போய்விடுகிறது. ஜனவரியில் வரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு முன்னால் சொந்தமாக ஒன்று வாங்கிவிட வேண்டும்.

15,000 ரூபாய் வரை செலவு செய்யலாம். எனக்குக் கிட்டப்பார்வை, எப்போதும் கண்ணாடி போட்டிருப்பேன். ஒரு கடையில் கேட்டபோது 20×50 ஒன்றை எடுத்துக் காட்டி, "இதுலதான் சார் பெரிசா தெரியும்" என்றார்கள். 10 முதல் 30 மடங்கு வரை ஜூம் ஆகும் ஒன்றையும் காட்டினார்கள். நண்பர் 10×50 வாங்கச் சொல்கிறார். இணையத்தில் தேடினால் எல்லோரும் 8×42 என்கிறார்கள். எட்டு மடங்கு போதுமா? பெரியகுளத்தில் அக்கரைப் பக்கம் மிதக்கும் வாத்து அதில் தெரியுமா?

கொண்டலாத்தி:

முதலில் 20×50, ஜூம் இரண்டையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் சார். இருபது மடங்கில் பறவை மட்டுமா பெரிதாகும்? கை நடுக்கமும் அதே இருபது மடங்கு ஆகும். முக்காலி இல்லாமல் அதைப் பிடித்து ஒரு சிட்டைப் பார்க்க முடியாது. ஜூம் மாடல்களில் இன்னொரு தொல்லை. மடங்கு ஏற ஏற இருட்டாகும், பார்வைப் பரப்பும் சுருங்கும். விலை குறைந்தவற்றில் இரண்டு குழலும் ஒரே சீராக ஜூம் ஆவதும் அபூர்வம். கொஞ்ச நேரத்தில் தலைவலி வந்துவிடும்.

இனி எண்களுக்கு வருவோம். 8×42 என்றால் எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்பக்க லென்ஸின் விட்டம் 42 மி.மீ. பெரிய எண்ணைச் சின்ன எண்ணால் வகுத்தால் வருவது எக்சிட் ப்யூபில், அதாவது கண்ணுக்குள் வந்து விழும் ஒளிவட்டத்தின் அளவு. 8×42க்கு 5.25 மி.மீ, 10×42க்கு 4.2, 10×50க்கு 5. கடைக்காரர் காட்டிய 20×50க்கு வெறும் 2.5. நல்ல வெயிலில் நம் கண்மணியே 2, 3 மி.மீ அளவுக்குச் சுருங்கிவிடும் என்பதால் அப்போது வித்தியாசம் தெரியாது. விடிந்தும் விடியாத நேரத்திலும் சோலைக்காட்டு நிழலிலும் கண்மணி விரியும்போதுதான் தெரியும். இளம் வயதில் அது 7 மி.மீ வரைகூட விரியும். ஐம்பதைத் தாண்டினால் பலருக்கு 5 பக்கத்தில் நின்றுவிடும். ஆகையால் நம் வயதுக்காரர்களுக்கு 8×42 தருகிற 5.25 கச்சிதம். கப்பல்காரர்கள் வைத்திருக்கும் 7×50 தருகிற 7 மி.மீ ஒளிவட்டத்தில் ஏறக்குறைய பாதி நம் கண்ணுக்குள்ளேயே போகாது.

அக்கரை வாத்து பற்றிக் கேட்டீர்கள். 400 மீட்டர் தள்ளி இருக்கும் வாத்து 8 மடங்கில் 50 மீட்டரில் இருப்பதுபோலத் தெரியும். 10 மடங்கில் 40 மீட்டரில் இருப்பதுபோல. இந்தப் பத்து மீட்டர்தான் மொத்த வித்தியாசம். ஊசிவால் வாத்தின் வெள்ளைக் கழுத்தும் நீண்ட வாலும் இரண்டிலுமே தெரிந்துவிடும்.

எனக்கு மடங்கைவிடப் பார்வைப் பரப்புதான் பெரிது. 8 டிகிரி பரப்புள்ள பைனாகுலரில் 1000 மீட்டர் தூரத்தில் 140 மீட்டர் அகலம் தெரியும். அப்படியென்றால் 50 மீட்டர் தள்ளி நிற்கும் மரத்தில் 7 மீட்டர் அகலத்துக்குக் கிளைகள் கண்ணுக்குள் வரும். 5.5 டிகிரி என்றால் அதே மரத்தில் 5 மீட்டர்கூட வராது. வேப்பமரத்தில் ஒரு நொடிகூட நிற்காமல் தாவுகிற இலைக்கதிர்குருவியைத் தேடும்போது அந்த இரண்டு மீட்டரின் அருமை தெரியும்.

வல்லூறு:

நான் 10×42 ஆள். எட்டு மடங்கு என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வதை ஏற்க மாட்டேன். திறந்த வெளியில் பருந்து, கழுகு பார்ப்பவனுக்குக் கூடுதல் இரண்டு மடங்கு வேண்டும். வட்டமிடுகிற பறவையின் வால் நுனி கவைத்திருக்கிறதா, விசிறியாக இருக்கிறதா, இறக்கையின் அடிப்பக்கத்தில் பட்டை உண்டா என்பதெல்லாம் 10இல் தெளிவாகத் தெரியும். பழகிவிட்டால் கையும் நிற்கும்.

சதுப்புநிலம்:

நான் பெரும்பாலும் பார்ப்பது பள்ளிக்கரணை, பழவேற்காடு, வருடத்துக்கு ஒருமுறை கோடியக்கரை. உள்ளான் கூட்டத்தைப் பிரித்துப் பார்க்கிற இடங்கள். வல்லூறு சொல்வதில் நியாயம் இருக்கிறது. கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு, டெம்மிங்க் கொசு உள்ளானுக்கு மஞ்சள் கலந்த பச்சை. சேற்றில் நிற்கும் அந்தக் காலின் நிறத்தைக் காண 10 மடங்கு உதவும்.

ஆனால் கோடியக்கரை உப்பளத்தில் வெயில் ஏறிவிட்டால் தரையிலிருந்து எழும் கானல் எல்லாவற்றையும் நெளிய வைக்கும். அப்போது 10 என்ன, 60 மடங்கு ஸ்பாட்டிங் ஸ்கோப் (முக்காலியில் நிறுத்திப் பார்க்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி) வைத்தாலும் நெளிகிற பறவைதான் பெரிதாகத் தெரியும். விடியற்காலையில் போனால் 8 மடங்கிலேயே வேலை முடிந்துவிடும். உள்ளான்களே உயிர் என்று ஆகிவிட்டால் பிறகு ஸ்கோப் வாங்குங்கள். முதல் பைனாகுலர் 8 ஆகவே இருக்கட்டும்.

நொய்யல்கரை:

மிக்க நன்றி. வகுத்துப் பார்க்கும் கணக்கு நன்றாகப் புரிந்தது. என் கண்ணாடியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? நண்பரின் 10×50இல் பார்க்கும்போது எனக்கு நடுவில் ஒரு சின்ன வட்டம்தான் தெரிகிறது, சுற்றிலும் கறுப்பு. அவருக்கு முழுதாகத் தெரிகிறதாம். கண்ணாடியைக் கழற்றினால் எனக்கும் முழுதாகத் தெரிகிறது. ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டினால் பறவை காத்திருக்குமா?

ஆறுமணிக்குருவி:

நொய்யல்கரை அண்ணா, நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டியதே இதைத்தான். நானும் சின்ன வயதிலிருந்து கண்ணாடி போடுகிறவள். நமக்கு மடங்கெல்லாம் இரண்டாவது. முதலில் பார்க்க வேண்டியது ஐ ரிலீஃப்.

கண்பக்க லென்ஸிலிருந்து கண் எவ்வளவு தள்ளி இருந்தால் முழு வட்டமும் தெரியும் என்பதுதான் அந்த எண். மி.மீட்டரில் போட்டிருப்பார்கள். வெறும் கண்ணால் பார்ப்பவர்கள் ரப்பர் கப்பில் கண்ணை ஒட்டி வைத்துவிடலாம், 10, 12 மி.மீ அவர்களுக்குப் போதும். நமக்கு நடுவில் கண்ணாடி நிற்கிறது. ஃபிரேம் தள்ளி உட்கார்ந்திருந்தால் கண்ணுக்கும் லென்ஸுக்கும் இடையே தூரம் இன்னும் கூடும். குறைந்தது 15 மி.மீ வேண்டும், 17, 18 இருந்தால் நிம்மதி. நிக்கான் அக்குலான் வரிசையின் 10×50இல் அது 12 மி.மீட்டருக்கும் குறைவு. உங்கள் நண்பருடையதும் அந்த மாதிரி ஒன்றாகத்தான் இருக்கும். அதனால்தான் அவருக்கு முழுதாகவும் உங்களுக்குச் சுரங்கம் போலவும் தெரிகிறது. உங்கள் கண்ணில் ஒரு குறையும் இல்லை.

கடைக்குப் போனால் இப்படிப் பாருங்கள். கண்ணாடியோடு போங்கள். கண்பக்கத்துக் கப்பை முழுக்கக் கீழே இறக்குங்கள். புதிய மாடல்களில் திருகினால் இறங்கும், பழையவற்றில் ரப்பரை மடித்துவிட வேண்டும். தெருவின் எதிர்ப்பக்கம் ஏதாவது ஒரு பெயர்ப்பலகையைப் பாருங்கள். வட்டத்தின் ஓரம் கூர்மையான கோடாகத் தெரிகிறதா? தெரிந்தால் சரி. ஓரம் மங்கலாக, கண்ணை அசைத்தால் மட்டும் எட்டிப்பார்க்கிறதென்றால் அந்தக் கருவி எவ்வளவு நல்லதானாலும் உங்களுக்கு ஆகாது.

நீங்கள் போடுவது புரோகிரசிவ் கண்ணாடியா? அப்படியானால் அதன் மேல்பாதி வழியாகப் பாருங்கள், தூரப்பார்வைக்கான பவர் அங்கேதான் இருக்கும். நாம் இயல்பாகவே மோவாயைத் தூக்கிக் கீழ்ப்பாதி வழியாகப் பார்ப்போம், படம் கலங்கும், பைனாகுலர் சரியில்லை என்று நினைத்துக்கொள்வோம்.

கழற்றிவிட்டுப் பார்ப்பதிலும் தவறில்லை. கிட்டப்பார்வையை பைனாகுலரின் ஃபோகஸ் சக்கரமே ஈடுகட்டும். சிலிண்டர் பவர் இருந்தால் மட்டும் அதைச் சரிசெய்யாது. ஆனால் கண்ணாடி இல்லாமல் பறவை எந்தக் கிளையில் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிப்பது எப்படி? கண்ணாடியோடு வேலை செய்யும் பைனாகுலர்தான் நமக்கு.

மருதநிலம்:

ஒரு சந்தேகம். இப்போது எல்லோரும் சூப்பர்ஜூம் கேமரா வைத்திருக்கிறார்கள். படம் எடுத்து வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் பறவை அடையாளம் தெரிந்துவிடுகிறது. பிறகு பைனாகுலர் எதற்கு?

கொண்டலாத்தி:

கேமராவின் சின்னத் திரையில் நீங்கள் காண்பது ஒற்றைப் பறவையை. பைனாகுலரில் இரண்டு கண்ணாலும் காண்பது அது வாழ்கிற இடத்தையும் சேர்த்து. குளக்கரையில் ஒரு கதிர்க்குருவி கூட்டுக்கு நார் எடுத்துப் போவதை விடாமல் ஐந்து நிமிடம் பார்த்திருக்கிறீர்களா? கேமராவோடு நிற்பவர்கள் நாலு படம் எடுத்ததும் அடுத்த பறவைக்குப் போய்விடுகிறார்கள். அடையாளம் காண்பது ஆரம்பம் மட்டும்தான். பறவை என்ன செய்கிறது என்று பார்க்கத்தானே நாம் விடியற்காலையில் எழுந்து போகிறோம்.

இன்னொன்று, படத்துக்காகக் கூட்டுக்கு அருகே போகிறவர்கள் கூடிவிட்டார்கள். பைனாகுலர் வைத்திருப்பவருக்கு அருகே போக வேண்டிய தேவையே இல்லை. வேடந்தாங்கலில் ஏரிக்கரையில் நின்றபடியே மஞ்சள் மூக்கு நாரை குஞ்சுக்கு இரை ஊட்டுவதைக் காணலாம். நாரைக்கு நாம் நிற்பதே ஒரு பொருட்டாக இருக்காது.

சோலைமந்தி:

வால்பாறை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் இந்த மலையில்தான் இருக்கிறேன். இங்கே வாட்டர்ப்ரூஃப் இல்லாத பைனாகுலரைக் கொண்டுவராதீர்கள். மழை மட்டும் இல்லை, பனிமூட்டமே போதும். உள்ளே ஈரம் புகுந்து லென்ஸின் உட்புறம் வேர்த்துவிட்டால் அன்றைய நாள் போச்சு, துடைக்கவும் முடியாது. நைட்ரஜன் நிரப்பி மூடியவற்றில் அந்தப் பிரச்சினை இல்லை.

பைனாகுலரில் இரண்டு அமைப்பு உண்டு. முன் லென்ஸ்கள் அகன்று, தோள் விரிந்தாற்போல இருப்பது போரோ ப்ரிசம். இரண்டு நேர்க்குழல் போல இருப்பது ரூஃப் ப்ரிசம். பட்ஜெட் விலையில் வாட்டர்ப்ரூஃப் கிடைப்பது பெரும்பாலும் ரூஃபில்தான். அக்குலான், ஒலிம்பஸ் டிபிஎஸ் வரிசை போன்ற விலை குறைந்த போரோக்கள் வாட்டர்ப்ரூஃப் இல்லை.

சோலைக்குள் வெளிச்சமும் குறைவு. தீக்காக்கை நிழலில், கிளையோடு கிளையாக அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஆணின் மார்புச் சிவப்புகூட மங்கலான கருவியில் காய்ந்த இலை மாதிரித்தான் தெரியும். 25, 21 மி.மீ லென்ஸ் உள்ள பாக்கெட் சைஸ் வேண்டாம். 42 வாங்குங்கள்.

கொண்டலாத்தி:

மேற்கோள்: "பட்ஜெட் விலையில் வாட்டர்ப்ரூஃப் கிடைப்பது பெரும்பாலும் ரூஃபில்தான்."

உண்மைதான், ஆனால் போரோவை இப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். இத்தாலிக்காரர் போரோ 1854இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு அது, இன்றைக்கும் விலைக்கேற்ற தெளிவில் அதை அடிக்க முடியாது. ரூஃப் ப்ரிசத்தில் ஒளி பிரிந்து மறுபடி சேரும்போது கூர்மை கெடும். அதைச் சரிசெய்ய ஃபேஸ் கோட்டிங் என்று தனியாக ஒரு பூச்சு வேண்டும். போரோவுக்கு அது தேவையே இல்லை. ஆகவே பத்தாயிரத்துக்குக் கீழே போனால் போரோ ரூஃபைவிடப் பளிச்சென்று காட்டும், பின்னணியிலிருந்து பறவை பிரிந்து தெரிகிற அழகும் கூடுதல். சமவெளியில், குளக்கரையில், வெறும் கண்ணால் பார்க்கிற இளைஞருக்கு நான் இன்றும் அக்குலான் 8×42ஐத்தான் சொல்வேன். 8 டிகிரி பரப்பு, முக்கால் கிலோ எடை. நொய்யல்கரை சாருக்குக் கண்ணாடியும் வால்பாறையும் இருப்பதால் ரூஃப் சரி.

நொய்யல்கரை:

அப்படியென்றால் எனக்கு ரூஃப், 8×42, வாட்டர்ப்ரூஃப், ஐ ரிலீஃப் 15க்கு மேல். இந்த விலையில் என்ன இருக்கிறது?

ஆறுமணிக்குருவி:

இரண்டைப் பாருங்கள் அண்ணா. நிக்கான் ப்ரோஸ்டாஃப் பி3 8×42. ஐ ரிலீஃப் 20 மி.மீ பக்கம், எடை 600 கிராமுக்குள், பரப்பு 7.2 டிகிரி. இன்னொன்று செலஸ்ட்ரான் நேச்சர் டிஎக்ஸ் 8×42. ஐ ரிலீஃப் 17 மி.மீக்கு மேல், பரப்பு 7.4 டிகிரி, இரண்டு மீட்டர் கிட்டத்தில் இருப்பதையும் ஃபோகஸ் செய்யும், ஃபேஸ் கோட்டிங்கும் உண்டு. விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும், விழாக்கால விற்பனையில் பாருங்கள்.

கொஞ்சம் சேர்த்து வைத்துப் பிறகு வாங்கலாம் என்றால் நிக்கான் மோனார்க் எம்7 8×42 இருக்கிறது. 8.3 டிகிரி, ஐ ரிலீஃப் 17. உங்கள் பட்ஜெட்டைப்போல இரண்டு பங்குக்கு மேல் ஆகும். அதே பெயரில் எம்5 என்று ஒன்று வரும், நிறப்பிழையைக் குறைக்கும் ஈ.டி. லென்ஸ்தான், தெளிவும் நன்று, ஆனால் பரப்பு 6.4 டிகிரிதான். பெயரைப் பார்த்து வாங்காமல் அட்டவணையைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதற்கு நான் எப்போதும் காட்டுகிற உதாரணம் இந்த இரண்டும். ஸ்வரோவ்ஸ்கி, ஸைஸ், லைக்கா எல்லாம் லட்சக்கணக்கில் போகும். அருமையான கருவிகள், யாராவது கொடுத்தால் ஒருமுறை கண்ணில் வைத்துப் பாருங்கள்.

கரும்பலகை:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். அரசுப் பள்ளியில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பறவை மன்றம் நடத்துகிறேன். கிடைத்த நிதியில் சின்னச் சின்ன பைனாகுலராகப் பத்து வாங்கலாமா, நல்லதாக இரண்டு வாங்கலாமா? சில பிள்ளைகள் இரண்டு வட்டமாகத் தெரிகிறது என்கிறார்கள்.

தட்டான்:

இரண்டு வாங்குங்கள் டீச்சர். பொம்மை பைனாகுலரில் மங்கலாகப் பார்க்கிற பிள்ளை, பறவை பார்ப்பதே இவ்வளவுதான் போல என்று விட்டுவிடும். நல்ல கருவியில் பனங்காடை இறக்கையை விரிக்கும்போது வருகிற நீலத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் அந்தப் பிள்ளை வாழ்நாளுக்கும் உங்களோடு வரும்.

இரண்டு வட்டம் தெரிவதற்குக் காரணம் கண்களுக்கு இடைப்பட்ட தூரம். பெரும்பாலான பைனாகுலர்களை முழுக்க மடித்தாலும் 56 மி.மீக்குக் கீழே குறுகாது. சின்னப் பிள்ளைகளின் கண்கள் அதைவிட நெருக்கமாக இருக்கும். வாங்கும்முன் உங்கள் வகுப்பிலேயே சின்ன முகமுள்ள பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். அவளுக்கு ஒரே வட்டமாகத் தெரிந்தால் எல்லோருக்கும் தெரியும்.

நான் பறவையைவிடத் தட்டான், பட்டாம்பூச்சிதான் அதிகம் பார்ப்பேன். பென்டாக்ஸ் பப்பிலியோ 6.5×21 என்று ஒன்று உண்டு. அரை மீட்டரில் இருப்பதை ஃபோகஸ் செய்யும். பள்ளித் தோட்டத்துச் செம்பருத்தியில் உட்கார்ந்த பூச்சியின் கண்ணைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். அந்தி வெளிச்சத்துக்கு உதவாது, பள்ளி நேரத்துக்குப் போதும்.

அப்புறம் ஒன்று, இதை மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பைனாகுலரால் சூரியனைப் பார்க்கவே கூடாது. பருந்தைத் தொடர்ந்துகொண்டே போகும்போது அது சூரியன் பக்கம் திரும்பினால் உடனே கருவியை இறக்கிவிட வேண்டும். ஒரு கணம் போதும், விழித்திரை வெந்துவிடும். அந்தப் பார்வை திரும்பி வராமலே போகலாம்.

கூழைக்கடா:

எனக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, கை நடுங்கும். என் போன்றவர்களுக்காகவும் ஒரு வார்த்தை. எட்டு மடங்குக்கு மேல் போகாதீர்கள். முழங்கைகளை மார்போடு ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். தொப்பி போட்டிருந்தால் பைனாகுலரோடு சேர்த்துத் தொப்பியின் முனையையும் விரலால் பிடியுங்கள், ஆட்டம் நன்றாகக் குறையும். மரத்தில் சாய்ந்தோ திட்டில் உட்கார்ந்தோ பார்ப்பது இன்னும் நல்லது. கேனானில் நடுக்கத்தைத் தானே சமன்செய்கிற 10×30 மாடல் உண்டு. பொத்தானை அழுத்தியதும் படம் அப்படியே நின்றுவிடும். பேட்டரி போட வேண்டும், விலையும் இந்த பட்ஜெட்டுக்கு மேல். ஆனால் நடுக்கத்தால் பறவை பார்ப்பதையே விட்டுவிட்ட பெரியவர்கள் வீட்டில் இருந்தால், பிள்ளைகள் வாங்கிக் கொடுக்கலாம். கழுத்தில் தொங்கும் பட்டைக்குப் பதில் இரண்டு தோளிலும் மாட்டுகிற ஹார்னஸ் பட்டையும் வாங்கிக் கொடுங்கள்.

சதுப்புநிலம்:

எல்லோரும் வாங்குவதைப் பற்றியே பேசுகிறோம். நம் ஊரில் நல்ல பைனாகுலர்களைக் கொல்வது பூஞ்சை. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், சென்னையிலும் கடலோரத்திலும் இருப்பவர்கள் கவனியுங்கள்.

செல்போன் டார்ச்சை முன்பக்க லென்ஸ் வழியாக அடித்து, கண்பக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். நேராகக் கண்ணில் அடித்துக்கொள்ள வேண்டாம். உள்ளே சிலந்தி நூல் மாதிரி மெல்லிய இழைகள் ஒரு புள்ளியிலிருந்து கிளை பிரிந்து போயிருந்தால் அது பூஞ்சை. பழைய பைனாகுலர் வாங்குகிறவர்கள் இதைச் செய்யாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். லென்ஸின் பூச்சையே அது அரித்துவிடும், பிறகு சுத்தம் செய்தாலும் தழும்பு போகாது.

மழையில் நனைந்த பைனாகுலரை உறையில் போட்டு பீரோவில் வைத்து மூடுவதுதான் பூஞ்சைக்கு விருந்து. தோல் உறையாக இருந்தால் இன்னும் மோசம், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் மின்விசிறிக் காற்றில் நன்றாக உலரவிடுங்கள். பிறகு காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு அதில் வையுங்கள். ஆரஞ்சு நிற ஜெல் வாங்குங்கள், ஈரம் ஏறினால் பச்சையாகும். அப்போது மெல்லிய சூட்டில் உலர்த்தினால் திரும்ப ஆரஞ்சாகிவிடும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கும், அதைச் சமையல் பாத்திரத்தில் போட்டு வறுக்க வேண்டாம். பைனாகுலரைப் பயன்படுத்தாமல் வைத்தால் கெடும், வாரம் ஒருமுறையாவது வெளியே எடுங்கள்.

லென்ஸைச் சட்டை நுனியால் துடைப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். முதலில் ரப்பர் பம்பால் தூசியை ஊதித் தள்ளி, மென்மையான பிரஷ்ஷால் தட்டி, கடைசியில் மட்டும் மைக்ரோஃபைபர் துணி. தூசி இருக்கும்போதே துடைத்தால் மணல்துகள் பூச்சைக் கீறும். கோடியக்கரை, பழவேற்காடு போய்வந்தால் உடல்பகுதியை ஈரத்துணியால் துடைத்து உப்பை எடுங்கள். காரின் டாஷ்போர்டில் வெயிலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

நொய்யல்கரை:

ஞாயிற்றுக்கிழமை குழுவில் ஒருவர் ப்ரோஸ்டாஃப் பி3 8×42 கொண்டுவந்திருந்தார். கண்ணாடியோடு வைத்துப் பார்த்தேன், ஓரம்வரை முழு வட்டம் தெரிந்தது. ஆறுமணிக்குருவி சொன்ன மாதிரியே கப்பை இறக்கிவிட்டுப் பார்த்தேன். ஆலமரத்துப் பொந்தில் புள்ளி ஆந்தை இரண்டு உட்கார்ந்திருந்தன, இமை மூடித் திறப்பது வரை கண்டேன். ஆனால் கொஞ்ச நேரத்தில் வலது கண் இழுப்பதுபோல இருந்தது. படம் முழுக் கூர்மைக்கு வரவில்லை. கருவியில் குறையா, என் கண்ணிலா?

ஆறுமணிக்குருவி:

இரண்டிலும் இல்லை, டயாப்டர் அவர் கண்ணுக்கு வைத்திருக்கிறார், அவ்வளவுதான். நம் இரண்டு கண்ணும் ஒரே பவரில் இருப்பதில்லை. அந்த வித்தியாசத்தைச் சரிசெய்ய ஒரு கண்ணின் பக்கம் தனி வளையம் இருக்கும், பெரும்பாலும் வலது கண்பக்கம்.

ஒருமுறை நிதானமாக வைத்துவிடுங்கள். கண்ணாடியோடு நில்லுங்கள். முதலில் இரண்டு குழலையும் விரித்து மடித்து ஒரே வட்டமாக்குங்கள். முப்பது நாற்பது மீட்டர் தள்ளி எழுத்து உள்ள ஒரு பலகையைத் தேர்ந்தெடுங்கள். வலது முன் லென்ஸைக் கையால் மூடி, இடது கண்ணால் பார்த்து, நடுச் சக்கரத்தைத் திருப்பி எழுத்தைக் கூர்மையாக்குங்கள். இனி அந்தச் சக்கரத்தைத் தொடாதீர்கள். இப்போது இடது லென்ஸை மூடி, அதே எழுத்தை வலது கண்ணால் பார்த்து, டயாப்டர் வளையத்தை மட்டும் மெதுவாகத் திருப்புங்கள். கூர்மை வந்ததும் நிறுத்துங்கள். கண்ணைச் சுருக்காமல் இரண்டு கண்ணையும் திறந்தே வைத்திருக்க வேண்டும், அதற்காகத்தான் கையால் மூடச் சொல்கிறேன். வளையம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து வையுங்கள். யாராவது வாங்கிப் பார்த்துவிட்டுத் தந்தால் திரும்ப அங்கே கொண்டுவரலாம். அதன்பிறகு எந்தத் தூரத்துப் பறவைக்கும் நடுச் சக்கரம் ஒன்றே போதும்.

பறவையைப் பிடிக்கிற வித்தையும் ஒன்று உண்டு. பறவையைக் கண்டதும் பார்வையை அதன்மேலேயே வைத்திருங்கள், பைனாகுலரைத் தேடிக் குனியாதீர்கள். கருவி கண்ணுக்கு வரட்டும். வீட்டு மாடியில் நின்று சின்னானையும் காக்கையையும் வைத்துப் பழகினால் ஒரு வாரத்தில் வந்துவிடும்.

வல்லூறு:

காக்கை என்றதும் ஞாபகம் வருகிறது. வெள்ளை மேகத்தின் முன்னால் கம்பியில் உட்கார்ந்த காக்கையையோ கரிச்சானையோ பாருங்கள். உடலின் ஓரத்தில் ஊதாவும் பச்சையுமாகக் கோடு அடித்தால் நிறப்பிழை அதிகம் என்று அர்த்தம். இந்த விலையில் ஓரளவு இருக்கத்தான் செய்யும். வட்டத்தின் நடுவிலேயே பளிச்சென்று தெரிந்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நொய்யல்கரை:

டயாப்டர் வைத்துப் பார்த்தேன், இழுப்பு நின்றுவிட்டது! பி3 8×42 என்று முடிவு செய்துவிட்டேன். உள்ளூர்க் கடைகளில் இல்லை, இணையத்தில்தான் வாங்க வேண்டும். வந்ததும் என்னென்ன சோதிக்க வேண்டும்?

கொண்டலாத்தி:

திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் ஒரு காலை நேரத்தை இதற்கென்று ஒதுக்குங்கள் சார். வாங்கும்போதே இந்திய வாரண்டி அட்டை உள்ள விற்பனையாளரா என்று பாருங்கள், மிகக் குறைந்த விலையில் வருவது சில சமயம் அந்த வாரண்டி இல்லாத இறக்குமதியாக இருக்கும்.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது இரண்டு குழலும் ஒரே திசையைப் பார்க்கின்றனவா என்பது. கூரியரில் கீழே விழுந்தால் கெடுவது இதுதான். தூரத்தில் படுக்கைவசமாக ஓடும் மின்கம்பியை ஃபோகஸ் செய்துவிட்டு, கம்பியைப் பார்த்தபடியே பைனாகுலரைக் கண்ணிலிருந்து சில அங்குலம் மெதுவாகத் தள்ளிப் பிடியுங்கள். இரண்டு வட்டத்திலும் கம்பி ஒரே உயரத்தில் ஓட வேண்டும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்றால் திருப்பி அனுப்புங்கள். அப்புறம் கையை நீட்டி வானத்துப் பக்கம் பிடித்துக் கண்பக்க லென்ஸைப் பாருங்கள். ஒளிவட்டங்கள் இரண்டும் முழு வட்டமாக இருக்க வேண்டும், ஓரம் வெட்டுப்பட்டிருக்கக் கூடாது. ஃபோகஸ் சக்கரம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே இறுக்கத்தில் ஓடுகிறதா, கப் நடுவில் தானாக இறங்குகிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாக, கால் மணி நேரம் விடாமல் குளத்தைப் பாருங்கள். தலை கனத்தாலோ கண் வலித்தாலோ, டயாப்டரை மறுபடி வைத்துப் பார்த்தும் அது போகவில்லை என்றாலோ, பழகிவிடும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள், மாற்றிக் கேளுங்கள். பெட்டியையும் பில்லையும் அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.